மீட்பு ஹெலிகாப்டரை ஒப்பந்தத்துக்கு எடுப்பது: வாங்குவது பறப்பையா, காத்திருப்பையா?

மூணாறு பக்கத்து எஸ்டேட் ஒன்றில் வளர்ந்து, இப்போது பாலக்காட்டில் ஆசிரியராக இருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கு இரண்டு பகுதிகள் உண்டு. பல பத்தாண்டுகள் ராணுவத்தின் கையில் இருந்த தேடல், மீட்பு ஹெலிகாப்டர் சேவையை பிரிட்டன் ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது சரிதானா என்பது முதல் பகுதி. பெட்டிமுடி, வயநாடு நிலச்சரிவுகளைப் பார்த்த பிறகு, கேரள-தமிழக எல்லை மலைகளுக்கும் அப்படி ஒரு சேவையை ஒப்பந்தத்தில் எடுக்கலாமா என்பது இரண்டாவது. ஹெலிகாப்டர் பராமரிப்பிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டுபவர் படைவீரரா, கம்பெனி ஊழியரா என்பது இதில் இரண்டாம்பட்சம். அரசு எதற்காகப் பணம் கொடுக்கிறது என்பதும், கொடுத்த பணத்துக்கு ஒழுங்காக வேலை நடக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த ஆட்கள் அரசிடம் இருக்கிறார்களா என்பதும்தான் பலனைத் தீர்மானிக்கின்றன.

பிரிட்டனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 2013 மார்ச்சிலிருந்து தொடங்குகிறார்கள். அந்த மாதம்தான் பிரிஸ்டோ என்ற தனியார் ஹெலிகாப்டர் நிறுவனத்துக்குச் சுமார் 160 கோடி பவுண்டு மதிப்புள்ள பத்தாண்டு ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. 2015 ஏப்ரலில் முதல் தளங்கள் கைமாறின. 2016 பிறந்தபோது, இளவரசர் வில்லியம் ஓட்டியதால் உலகமே படத்தில் பார்த்திருந்த விமானப்படையின் மஞ்சள் ஸீ கிங் ஹெலிகாப்டர்களும், கடற்படையின் ஸீ கிங்குகளும் உள்நாட்டு மீட்புப் பணியிலிருந்து முழுமையாக விலகியிருந்தன. ஆனால் அதற்கு முன்பே நடந்த ஒன்றை யாரும் சொல்வதில்லை. ஷெட்லாந்து தீவின் சம்பர்க்கில் 1983 முதலே அந்நாட்டுக் கடலோரக் காவல் அமைப்புக்காகத் தனியார் ஹெலிகாப்டர் மீட்புப் பணி செய்து வந்தது. பிறகு வேறு சில தளங்களிலும் அதே முறை வந்தது. ஆகவே, ஒப்பந்த முறையைச் சில தளங்களில் முப்பது ஆண்டுகள் பழகிப் பார்த்த பின்னரே நாடு முழுவதற்கும் விரித்தார்கள். இடையில் ஒரு பெரிய சறுக்கலும் நேர்ந்தது. சுமார் 600 கோடி பவுண்டு, 25 ஆண்டு என்று திட்டமிட்டிருந்த முந்தைய டெண்டரில், தேர்வாகியிருந்த கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு நிறுவனத்திடம் போட்டி தொடர்பான ரகசியத் தகவல்கள் போய்ச் சேர்ந்திருந்தது தெரியவர, 2011 பிப்ரவரியில் அரசு அதை ரத்து செய்தது. ரத்தானது நல்லதாயிற்று என்பதே என் எண்ணம். ஹெலிகாப்டர் தொழில்நுட்பம் மாறுகிற வேகத்தில் 25 ஆண்டுக்கு ஒரே ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடப்பது எந்த அரசுக்கும் புத்திசாலித்தனமான காரியமாக இருக்காது.

2013 ஒப்பந்தத்தில் வாங்கப்பட்டது என்ன என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பத்துத் தளங்கள், இரண்டு வகையைச் சேர்ந்த 22 ஹெலிகாப்டர்கள், அழைப்பு வந்தால் பகலில் 15 நிமிடத்துக்குள்ளும் இரவில் 45 நிமிடத்துக்குள்ளும் தரையை விட்டுக் கிளம்பும் தயார்நிலை. ராணுவம் எந்த அளவுகோலில் இயங்கியதோ அதே அளவுகோலைக் கம்பெனிக்கும் வைத்தார்கள். கட்டணத்தின் பெரும்பகுதி மாதந்தோறும் கொடுக்கும் நிலையான தொகை. பறந்த நேரத்துக்கென்று கொடுப்பது சிறு பகுதிதான். ஹெலிகாப்டர் ஒரு மாதம் முழுவதும் கொட்டகையை விட்டு வெளியே வராவிட்டாலும், எந்த நொடியிலும் வரத் தயாராக இருந்தால் பணம் உண்டு. வெளியே வர முடியாத நிலையில் இருந்தால்தான் கேள்வி எழும். தீயணைப்பு நிலையத்துக்கு நாம் சம்பளம் கொடுப்பதும் இதே கணக்கில்தான். தீப்பிடித்த நாட்களுக்கு மட்டும் கூலி கொடுப்பதாக இருந்தால் நிலையத்தில் ஆளே இருக்க மாட்டார்கள்.

ஒரு தளத்துக்கு ஏன் இரண்டு ஹெலிகாப்டர் என்று வெளியாள் கேட்பது இயல்பு. பராமரிப்புக் கொட்டகையில் நின்றவர்களுக்கு அந்தக் கேள்வியே வராது. கியர்பாக்ஸும் சுழல் இறக்கைகளும் குறிப்பிட்ட மணிக்கணக்குக்கு ஒருமுறை திறந்து பார்க்கப்பட வேண்டியவை. அந்த நாட்களில் அந்த ஹெலிகாப்டர் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்கள் கணக்கும் அப்படியே. ஒரு முறை கிளம்ப இரண்டு விமானிகள், வின்ச்சை (ஆளைக் கயிற்றில் இறக்கி ஏற்றும் எந்திரத்தை) இயக்குபவர் ஒருவர், கயிற்றில் இறங்கி நோயாளியைத் தொடும் மருத்துவப் பயிற்சி பெற்றவர் ஒருவர் என நால்வர் வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும், விடுப்பையும் பயிற்சியையும் விமானிகளுக்கு விதிக்கப்பட்ட ஓய்வு நேரத்தையும் கணக்கில் எடுத்தால், அந்த நால்வர் ஐந்தாறு நால்வராகப் பெருகுவார்கள். 160 கோடி பவுண்டைப் பத்துத் தளத்துக்கும் பத்தாண்டுக்கும் வகுத்தால் ஒரு தளத்துக்கு ஆண்டுக்கு 1.6 கோடி பவுண்டு வரும். இன்றைய மதிப்பில் 160 கோடி ரூபாய்க்கும் மேல். அங்குள்ள சம்பளம் வேறு, இங்குள்ளது வேறு என்பது உண்மைதான். ஆனாலும் தயார்நிலையின் விலை எந்த வரிசையில் இருக்கும் என்பதை இந்த எண் காட்டிவிடுகிறது.

இதோடு கேரளத்தில் நடந்ததை ஒப்பிடுங்கள். கேரள போலீஸ் 2020-இல் பவன் ஹன்ஸ் நிறுவனத்திடமிருந்து ஒரு ஹெலிகாப்டரை, மாதம் 20 மணி நேரப் பறப்புக்கு 1.44 கோடி ரூபாய் என்று வாடகைக்கு எடுத்தது. 2023-இல் சிப்சன் ஏவியேஷனிடம் எடுத்தபோது 25 மணி நேரத்துக்கு 80 லட்சம் ரூபாய் என்றானது. முதலாவது மணிக்கு 7.2 லட்சம், இரண்டாவது 3.2 லட்சம், பாதிக்கும் கீழே விலை குறைந்தது என்று ஒரு தரப்பும், அதுவும் வீண் செலவுதான் என்று மறு தரப்பும் வாதிட்டன. இரு தரப்பும் மணிக்கணக்கையே அளவுகோலாக எடுத்துக்கொண்டதுதான் எனக்கு வருத்தம். கண்காணிப்புக்கும், முக்கியப் பிரமுகர் பயணத்துக்கும், 2020 மே மாதம் திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்கு மாற்று அறுவைக்கான இதயத்தைக் கொண்டுசென்றதுபோன்ற நல்ல காரியங்களுக்கும் அந்த வாடகை முறை போதும். நள்ளிரவில் மலைச்சரிவில் சிக்கியவரை வின்ச்சில் தூக்க அது போதாது. அதற்காக அது எழுதப்படவும் இல்லை. ஆண்டுக்கு 9.6 கோடி ரூபாய்க்கு ஒரு ஹெலிகாப்டர் கிடைக்கும், ஒரு மீட்பு சேவை கிடைக்காது.

பறப்புக்கு மட்டும் பணம் என்ற முறை எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு நேபாளம் கண்ணெதிரே உள்ள சாட்சி. மலையேற வருபவர்களின் காப்பீட்டிலிருந்து ஒவ்வொரு மீட்புப் பறப்புக்கும் கட்டணம் வசூலிக்கப்பட்டதால், லேசான தலைவலிக்கும் ஹெலிகாப்டர் அழைப்பது, ஒரே பறப்பில் பலரை ஏற்றிவிட்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கட்டணம் போடுவது என்று மோசடிகள் பெருகின. 2018-இல் அந்நாட்டு அரசே விசாரணை நடத்த வேண்டியதாயிற்று. கம்பெனிக்காரர்கள் கெட்டவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. எதற்குக் காசு கிடைக்கிறதோ அது பெருகும், அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்க வேண்டியது தயார்நிலையைத்தான் என்பதை ஷெட்லாந்து மீனவர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 2022-இல் அறிவிக்கப்பட்ட பிரிட்டனின் அடுத்த ஒப்பந்தத்தின் கீழ் சம்பர்க் தளத்தின் 15 நிமிடத் தயார்நிலையை 60 நிமிடமாக மாற்றும் யோசனை வெளிவந்தபோது அவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஹெலிகாப்டர் புதியதா, பழையதா என்பது அவர்களுடைய கவலையாக இருக்கவில்லை. வட கடலின் குளிர்ந்த நீரில் விழுந்தவனுக்கு அந்த 45 நிமிட வித்தியாசம் என்ன செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இனி மேற்பார்வை. இதற்கு அயர்லாந்தைப் பார்க்க வேண்டும். அங்கே மீட்பு ஹெலிகாப்டர் சேவை நீண்ட காலமாகவே ஒப்பந்தத்தில்தான் நடக்கிறது. 2017 மார்ச் 14 அன்று நள்ளிரவுக்குப் பின், கடலில் தொலைவில் இருந்த மீன்பிடிக் கப்பலிலிருந்து ஒருவரை எடுத்துவரச் சென்ற வேறொரு ஹெலிகாப்டருக்குத் துணையாகப் போன 'ரெஸ்க்யூ 116', எரிபொருள் நிரப்பத் தாழ்ந்து வந்தபோது, மேயோ மாவட்டக் கடற்கரைக்கு அப்பாலுள்ள பிளாக்ராக் என்ற பாறைத் தீவில் மோதி நான்கு பேரும் இறந்தார்கள். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியின் தரவுத்தளத்தில் அந்தத் தீவே இல்லை. 2021 நவம்பரில் வெளியான விசாரணை அறிக்கை, நிறுவனத்தின் வழிகாட்டிக் குறிப்புகளில் இருந்த குறைகளோடு இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொன்னது: மீட்புப் பணியை யார் மேற்பார்வை செய்ய வேண்டும் என்பதில் அரசு மட்டத்திலேயே குழப்பம் இருந்தது. பணம் கொடுத்த அமைப்பிடம் விமானத் துறை அறிவு போதவில்லை. உரிமம் வழங்கிய அமைப்போ மீட்புப் பணி தன் வரம்புக்குள் எவ்வளவு வருகிறது என்பதில் தெளிவில்லாமல் இருந்தது. வேலையை வெளியே கொடுக்கலாம், அந்த வேலையைப் பற்றிய அறிவையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கக்கூட அரசிடம் ஆள் இருக்காது. பிரிட்டனில் விமானப் போக்குவரத்து ஆணையம் மீட்புப் பறப்புக்கென்றே தனி விதித் தொகுப்பு எழுதி வைத்திருக்கிறது. எந்த ஹெலிகாப்டரை எங்கே அனுப்புவது என்ற முடிவும் கம்பெனியிடம் போகாமல் கடலோரக் காவல் அமைப்பிடமே நிற்கிறது. இந்த இரண்டையும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்பதால்தான் அங்கே ஒப்பந்த முறை ஓரளவு நிலைத்தது என்று கருதுகிறேன்.

பிரிட்டனின் வெற்றியில் கணக்கில் வராத ஒரு மானியமும் ஒளிந்திருக்கிறது. பிரிஸ்டோவில் சேர்ந்த விமானிகளிலும் வின்ச் பணியாளர்களிலும் பலர் விமானப்படையும் கடற்படையும் பல்லாண்டுகள் செலவு செய்து பழக்கியவர்கள். ராணுவம் அந்தப் பணியை விட்டு விலகிய பிறகு அடுத்த தலைமுறையைப் பழக்கும் செலவு யாருடையது என்ற கேள்வி, ஒப்பந்தத்தின் முதல் பத்தாண்டில் தலைகாட்டாது, பிறகுதான் வரும். நார்வே இதனாலேயோ என்னவோ வேறு வழியில் போனது. அங்கே புதிய மீட்பு ஹெலிகாப்டர்களை நீதித் துறை அமைச்சகம் வாங்கிக் கொடுக்க, விமானப்படையின் 330-ஆவது பிரிவு ஓட்டுகிறது. சுவிட்சர்லாந்திலோ 1952-இல் தொடங்கிய ரேகா என்ற அறக்கட்டளை, லட்சக்கணக்கான மக்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் சந்தாவில் இயங்குகிறது. மூன்று விதமான ஏற்பாடுகளும் நடக்கின்றன. ஆகவே தனியார் என்றாலே ஆபத்து, ராணுவம் என்றாலே பத்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் பக்கம் திரும்புவோம். கடலில் சிக்கியவரைத் தேடும் பொறுப்பு இந்தியாவில் யாருடையது என்பதில் சந்தேகம் இல்லை. கடலோரக் காவல்படையே ஒருங்கிணைக்கிறது, மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய இடங்களில் அதன் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் இயங்குகின்றன. 2017 ஒக்கிப் புயலின்போது கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மீனவக் குடும்பங்கள் தாமதத்துக்காக யாரைக் குற்றம் சாட்டுவது என்று அறிந்திருந்தார்கள் என்பதே ஒருவகையில் அந்த அமைப்பின் பலம். மலைக்கு அப்படி ஓர் உரிமையாளர் இல்லை. அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படைக்குச் சொந்த ஹெலிகாப்டர் கிடையாது. மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கும், மாநிலத்திலிருந்து படைகளுக்கும் கோரிக்கை போய், சூலூரிலிருந்தோ கொச்சியிலிருந்தோ ஒரு ஹெலிகாப்டர் கிளம்ப வேண்டும். 2018 வெள்ளத்திலும் 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவுக்குப் பிறகும் அவர்கள் செய்த வேலையை யாரும் குறைத்துப் பேச முடியாது. எனினும் அது அவர்களுடைய துணைப் பணி. கருவி சார்ந்த சிக்கலும் உண்டு: 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து மூவர் இறந்தபோது, முப்படைகளிலும் அந்த வகை முழுவதும் மாதக்கணக்கில் தரையில் நிறுத்தப்பட்டது. ஒரே வகையை நம்பியிருக்கும் எந்தச் சேவைக்கும் இந்த நிலை வரும், ஒப்பந்தக்காரருக்கும்தான்.

ஹெலிகாப்டர் கையில் இருந்தும் பயன்படாத சந்தர்ப்பத்தைப் பாலக்காட்டுக்காரர்கள் நேரிலேயே பார்த்தோம். 2022 பிப்ரவரியில் மலம்புழா அருகே குறும்பாச்சி மலையின் பாறை இடுக்கில் ஓர் இளைஞர் சிக்கியபோது, கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் வந்தும் அவரை எடுக்க முடியவில்லை. செங்குத்துப் பாறைக்கு அருகே இறக்கைகள் சுழல இடம் வேண்டும்; பாலக்காட்டுக் கணவாயின் காற்று பாறையில் அடித்துத் திரும்பும்போது ஹெலிகாப்டரை ஒரே இடத்தில் நிறுத்திவைப்பது மிகக் கடினம்; அதன் கீழ்க்காற்றே இடுக்கில் இருப்பவரைத் தள்ளிவிடக்கூடும். நாற்பது மணி நேரத்துக்கும் மேலாக அங்கேயே இருந்த அவரை, கடைசியில் கயிற்றில் இறங்கிய ராணுவ வீரர்கள் மேலே கொண்டுவந்தார்கள்; ஹெலிகாப்டர் அதன் பிறகு மலையுச்சியிலிருந்து அவரைக் கீழே இறக்க உதவியது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களை இருட்டில் முதலில் சென்றடைந்தவர்கள் மலையடிவார ஊர்க்காரர்கள்தான். பெட்டிமுடியிலோ, 2020 ஆகஸ்ட் 6 இரவு லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போன செய்தி வெளியுலகுக்கு வந்ததே மறுநாள் காலையில்தான். தொலைபேசி இல்லை, சாலையும் இல்லை, மழையும் மூடுபனியும் விலகவில்லை. எழுபது பேரை, பெரும்பாலும் கயத்தாறு வட்டாரத்தை வேராகக் கொண்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினரை, அந்த மண் விழுங்கியது. பதினைந்து நிமிடத் தயார்நிலையில் ஒரு ஹெலிகாப்டர் பாலக்காட்டில் நின்றிருந்தாலும் அன்றிரவு அது போயிருக்க முடியாது, போயிருக்கவும் கூடாது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய விமானப்படை ஹெலிகாப்டருக்குக் குன்னூர் அருகே என்ன நேர்ந்தது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். மேகம் சூழ்ந்த மலை, ஓட்டுபவரின் திறமையைப் பார்த்து வழிவிடுவதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், எல்லை மலைகளுக்கு ஒரு மீட்பு ஹெலிகாப்டர் சேவை தேவை என்பதே என் கருத்து. மழை விட்ட மறுநாள் காலை, யானை மிதித்தவரை, பள்ளத்தில் உருண்ட ஜீப்பில் இருந்தவர்களை, வால்பாறையிலிருந்தும் மறையூரிலிருந்தும் மணிக்கணக்கில் வளைவுகளில் இறக்கிக் கொண்டுவரும் நோயாளிகளை எடுக்கும் வேலை ஆண்டு முழுவதும் இருக்கிறது. அதை ஒப்பந்தத்திலும் எடுக்கலாம், ஆனால் ஒரு மாநிலம் தனியாக எடுப்பதில் அர்த்தமில்லை. கஞ்சிக்கோடு, வாளையார், சூலூர் சுற்றுவட்டாரத்தில் ஒரு தளம் இருந்தால் நேர்க்கோட்டில் மூணாறு சுமார் 100 கிலோமீட்டர், வயநாட்டுச் சூரல்மலை சுமார் 120 கிலோமீட்டர். அரை மணி நேரப் பறப்பு. கோயம்புத்தூர் மருத்துவமனைகளும் பக்கத்தில். கம்பம், குமுளி வரை இந்தத் தளமே பார்த்துக்கொள்ளும். அகத்தியமலைப் பகுதிக்கு இது எட்டாது, திருவனந்தபுரம் பக்கம் இன்னொன்று வேண்டும். செலவை இரு மாநிலங்களும் மத்திய அரசும் பகிர்ந்துகொண்டாலொழிய, ஹெலிகாப்டர் எந்த மாநில எல்லைக்குள் பறக்கலாம் என்ற கோப்பு மேசையிலேயே கிடக்கும்.

டெண்டர் விடுவதற்கு முன்பே, அழைப்பை ஏற்று முடிவெடுக்கும் ஒரே கட்டுப்பாட்டு அறையை, படைகளில் மீட்புப் பணி செய்து ஓய்வுபெற்றவர்களை வைத்து அமைக்க வேண்டும். ஒப்பந்தத்தை எழுதுவதிலிருந்து பராமரிப்புப் பதிவேடுகளைத் திறந்து பார்ப்பது வரை அவர்கள் கையில் இருக்க வேண்டும். நிலையான மாதக் கட்டணமும், தயாராக இல்லாத ஒவ்வொரு மணிக்கும் பிடித்தமும் எழுதப்பட வேண்டும். பயிற்சிப் பறப்பைச் செலவு என்று வெட்டாமல் தனியே ஒதுக்க வேண்டும், ஏனென்றால் மாதக்கணக்கில் வின்ச்சைத் தொடாத பணியாளரை மலைக்கு அனுப்புவது இரட்டை ஆபத்து. எஸ்டேட் மைதானங்களில் எவற்றில் இறங்கலாம், எங்கே மின்கம்பி குறுக்கே போகிறது என்று கோடைக்காலத்திலேயே நடந்து பார்த்து வரைபடமாக்கும் வேலைக்குக் கம்பெனி வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தீயணைப்புத் துறையின் கயிற்று மீட்புக் குழுக்களைப் பழக்குவதும் அப்படியே. குறும்பாச்சியைப் போன்ற இடங்களில் அந்தக் குழுதான் முதலில் வேண்டும், ஹெலிகாப்டர் அவர்களை மேலே கொண்டுபோய் விடும் வாகனம். இன்னொன்றையும் டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும்: கம்பெனி நொடித்தாலோ, பத்தாண்டு முடிந்து வேறொருவர் வந்தாலோ, ஹெலிகாப்டர்களையும் பதிவேடுகளையும் பணியாளர்களையும் இடைவெளி இல்லாமல் எடுத்துக்கொள்ளும் உரிமை அரசுக்கு உண்டு என்ற விதியை. கையெழுத்தான பிறகு அந்த உரிமையைக் கேட்டால் கம்பெனி அதற்கும் ஒரு விலை சொல்லும்.